முப்பத்திரண்டாவது வாக்கு: நியூயார்க் தன்பாலினத் திருமணச் சட்டம், 2011

62 இடங்கள் கொண்ட அவை. மசோதா நிறைவேற 32 வாக்குகள் வேண்டும். 2011 ஜூன் 14ஆம் தேதி நியூயார்க் மாநில செனட்டில் 31 வாக்குகள் சேர்ந்துவிட்டன. அதன் பிறகு பத்து நாள்களுக்கு அந்த எண் அசையவே இல்லை.

தன்பாலினத் திருமணம் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி தீர்ப்புகளைச் சுற்றியே வருகிறது. எந்த நீதிமன்றம் என்ன சொன்னது, எதைச் சொல்ல மறுத்தது என்றே பேசிப் பழகிவிட்டோம். நீதிமன்றம் கையை விரித்துவிட்ட பிறகு ஒரு மாநிலச் சட்டமன்றம் தானே சட்டம் இயற்றுவது எப்படி நடக்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அது அழகான காட்சியும் இல்லை. பேரம், பணம், பயம், அரைப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் நடக்கும் சண்டை எல்லாம் அதில் உண்டு. நியூயார்க்கின் கதையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். அங்கே நடந்தவை அனைத்தும் வாக்குப் பதிவேட்டிலும் சட்ட வாசகத்திலும் அப்படியே கிடக்கின்றன.

ஒரு சொல் விளக்கம் முதலிலேயே தேவை. இதில் வரும் ‘ஆளுநர்’ நம் ஊர் ஆளுநர் போன்றவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர் அவர். நம் கணக்கில் முதலமைச்சருக்குச் சமமானவர். சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: 150 பேர் கொண்ட பேரவை, 62 பேர் கொண்ட செனட்.

வழக்கில் தோற்றவர் வரைந்த மசோதா

நியூயார்க்கின் திருமணச் சட்டம் 1909ஆம் ஆண்டின் குடும்ப உறவுகள் சட்டத்திலிருந்து வருவது. அதில் எங்கும் ‘ஆணும் பெண்ணும் மட்டுமே’ என்று நேரடியாக எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். உரிமம் மறுக்கப்பட்ட இணையர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2006 ஜூலை 6ஆம் தேதி மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றம் 4–2 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஹெர்னாண்டஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். சட்டம் பாலினம் குறிப்பிடாவிட்டாலும் அதை இயற்றியவர்கள் மனத்தில் இருந்தது ஆண்–பெண் திருமணமே, அதை மாற்றுவதானால் சட்டமன்றம் மாற்றட்டும் என்றார் முதன்மைக் கருத்தை எழுதிய நீதிபதி ராபர்ட் ஸ்மித். தலைமை நீதிபதி ஜூடித் கே மாறுபட்டார். வருங்காலத் தலைமுறையினர் இந்தத் தீர்ப்பை ஒரு தவறான அடியாகவே பார்ப்பார்கள் என்று தம் கருத்தில் எழுதினார்.

‘சட்டமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற வாசகத்தை நாமும் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது கோப்பை மூடிவைப்பதற்கான மரியாதையான வழி. நியூயார்க்கில் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். தோற்ற மனுதாரர்களில் ஒருவர் டேனியல் ஓ’டானல், மன்ஹாட்டனிலிருந்து தேர்வான பேரவை உறுப்பினர். நீதிமன்றத்தில் கிடைக்காததை அவர் தம் பணியிடத்துக்குக் கொண்டுவந்தார். 2007இல் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் கொடுத்த மசோதாவைப் பேரவையில் முன்னெடுத்தவர் அவர்தான். பேரவை அதை 85–61 என்று நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த செனட் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

இடையில் ஒரு பக்கவாட்டு நகர்வு. ஸ்பிட்சர் பதவி விலகிய பின் ஆளுநரான டேவிட் பேட்டர்சன், 2008 மே மாதம் அரசுத் துறைகளுக்கு ஓர் ஆணை பிறப்பிக்கச் செய்தார்: வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ முறைப்படி செய்துகொண்ட தன்பாலினத் திருமணத்தை நியூயார்க் ஏற்கும். வெளியே போய் மணம் முடித்துவந்தால் செல்லும், உள்ளூரில் செய்தால் செல்லாது. நயாகரா அருவியின் இந்தக் கரையில் கிடைக்காத உரிமம் கனடாக் கரையில் கிடைத்தது, பாலத்தைக் கடந்து திரும்பி வந்தால் நியூயார்க்கும் ஒப்புக்கொண்டது. கேலிக்குரிய நிலைதான். ஆனாலும் பின்னால் இந்த ஆணை பெரிய வேலை செய்யப்போகிறது.

2009: பகிரங்கமான தோல்வி

2009இல் செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 32–30 என்ற மெல்லிய பெரும்பான்மை இருந்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு அந்த அவைக்கு வந்த முதல் உறுப்பினர் டாம் டுவேன், வாக்குகள் கிடைத்துவிடும் என்று நம்பினார். டிசம்பர் 2ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. 38–24. மசோதா தோற்றது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் வரவில்லை. ஜனநாயகக் கட்சியிலேயே எட்டுப் பேர் எதிர்த்தார்கள்.

ரோச்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் அலேசி அன்று ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார். மனம் ஒரு பக்கம், வாக்கு ஒரு பக்கம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

தோற்கும் என்று தெரிந்தால் மசோதாவை வாக்கெடுப்புக்கு விடாதே என்பது சட்டமன்றத் தந்திரங்களில் அரிச்சுவடி. அந்த டிசம்பர் வாக்கெடுப்பை வீண் என்று அன்று பலர் கடிந்துகொண்டார்கள். என் கணிப்பு வேறு. 2011இன் வெற்றிக்கு அடித்தளம் அந்தத் தோல்விதான். அதுவரை ‘தனிப்பட்ட முறையில் எனக்கு அனுதாபம் உண்டு’ என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்லிவந்தவர்களின் பெயர் முதல்முறையாக ஒரு பட்டியலில் ஏறியது. யார் எந்தப் பக்கம் என்று மழுப்ப இனி இடமில்லை.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 2010இல் ஒரு தேர்தல் நிதிக் குழு களத்தில் இறங்கியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பலவீனமான மூவரைத் தேர்ந்தெடுத்துக் குறிவைத்தது: ஹைரம் மான்செராட், வில்லியம் ஸ்டாக்கோவ்ஸ்கி, ஃபிராங்க் படவான். மூவரும் தோற்றார்கள். மான்செராட் வேறொரு குற்ற வழக்கில் தண்டனை பெற்று அவையிலிருந்து நீக்கப்பட்டு, இடைத்தேர்தலில் மீண்டும் நின்று தோற்றவர். அவருடைய வீழ்ச்சிக்குத் திருமண வாக்கு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அரசியல்வாதிகள் காரணத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று பெயர், மூன்று தோல்வி என்பது அவர்களுக்குப் போதும்.

அதே தேர்தலில் செனட் குடியரசுக் கட்சியின் கைக்குத் திரும்பியது, 32–30. அதாவது ஜனநாயகக் கட்சியின் ஆட்சியில் தோற்ற மசோதாவை, எதிர்க்கும் கட்சியின் ஆட்சியில் நிறைவேற்ற வேண்டிய நிலை.

31 வரை

2011 ஜனவரியில் ஆளுநரான ஆண்ட்ரூ கியூமோ இதைத் தேர்தல் வாக்குறுதியாகக் கொடுத்திருந்தார். முந்தைய முயற்சியில் உரிமை அமைப்புகள் ஒன்றை ஒன்று நம்பாமல் தனித்தனியாக இழுத்திருந்தன. அவர் அலுவலகம் அவற்றை ஒரே கூட்டணியாக உட்காரவைத்தது. குடியரசுக் கட்சிக்குள் இருந்த தன்பாலீர்ப்பாளர் அமைப்பும் அதில் ஒன்று. எந்த உறுப்பினரை யார் பார்ப்பது, எந்தத் தொகுதியிலிருந்து எத்தனை அஞ்சலட்டை போவது என்பதெல்லாம் ஓர் இடத்திலிருந்து முடிவாகத் தொடங்கியது.

பணமும் வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. பால் சிங்கர், டேனியல் லோப், கிளிஃப் ஆஸ்னெஸ் ஆகிய நிதிச் சந்தைப் பெருமுதலாளிகள் குடியரசுக் கட்சிக்கு வாரிக் கொடுத்துவந்தவர்கள். இந்தப் பிரசாரத்துக்கு அவர்கள் தரப்பிலிருந்து 10 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. துணிந்து வாக்களிக்கும் குடியரசுக் கட்சிக்காரர் தனியாகக் கைவிடப்பட மாட்டார் என்ற உத்தரவாதம் அதில் அடங்கியிருந்தது. நியூயார்க் நகர மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கும் மாநிலத் தலைநகரான அல்பனிக்கு நேரில் வந்து அதே சொல்லைக் கொடுத்தார். இதைக் கொள்கை வெற்றி என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜூன் 13ஆம் தேதி மூன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் – ஜோசஃப் அடாபோ, ஷெர்லி ஹன்ட்லி, கார்ல் க்ரூகர் – 2009இன் நிலையை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார்கள். ஜனநாயகக் கட்சியின் 30 பேரில் 29 பேர் உறுதியானார்கள். மிஞ்சியவர் பிராங்க்ஸின் ரூபன் டயஸ். பெந்தெகொஸ்தே போதகரான அவர் கடைசி வரை எதிர்த்தார். அதே நாளில் அலேசி ஆதரவு தெரிவித்தார், முப்பதாவது வாக்கு. மறுநாள் சரடோகா பகுதியின் ராய் மெக்டொனால்ட், முப்பத்தொன்றாவது. கட்சி அரசியல் எனக்கு அலுத்துவிட்டது, சரியானதைச் செய்யப் பார்க்கிறேன், யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை என்ற பொருளில் அவர் நிருபர்களிடம் சொன்னதில் அச்சிட முடியாத ஒரு சொல்லும் இருந்தது.

ஜூன் 15 அன்று பேரவை 80–63 என்று மசோதாவை நிறைவேற்றியது. இனி ஒரே ஒரு வாக்கு.

பத்து நாள், சில பத்திகள்

கூட்டத்தொடர் ஜூன் 20ஆம் தேதி முடிய வேண்டியது. வாடகைக் கட்டுப்பாடு, சொத்து வரி உச்சவரம்பு ஆகிய இரண்டு சிக்கல்களும் தீராததால் அது நீண்டது. திருமண மசோதாவும் அந்த இழுவையில் உயிரோடு இருந்தது. சட்டமன்றத்தின் கூடத்தில் இரு தரப்பும் நாள் முழுக்கப் பாடிக்கொண்டும் முழங்கிக்கொண்டும் இருந்தார்கள். உள்ளே, மூடிய அறையில், வேலை வேறு விதமாக நடந்தது.

தயங்கியவர்கள் திருமணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. விலக்குகளைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு தேவாலயம் தன் மண்டபத்தைக் கொடுக்க மறுத்தால் அதன் மீது வழக்குப் போடலாமா? மதச் சார்புள்ள ஓர் அறக்கட்டளை மறுத்தால் அரசு அதன் வரிவிலக்கை நீக்க முடியுமா? செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் டீன் ஸ்கெலோஸ் ஆளுநர் தரப்போடு பேச அனுப்பிய மூவரில் ஒருவர் பொகீப்ஸியின் ஸ்டீபன் சேலண்ட். 1980 தேர்தலிலிருந்து சட்டமன்றத்தில் இருப்பவர், வழக்கறிஞர், ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்ப்பவர். மற்ற இருவரும் பேசி முடித்துவிட்டு எதிர்த்தே வாக்களித்தார்கள் என்பது வேறு கதை.

சட்டத்தின் மையம் ஒரே வாக்கியம்தான். குடும்ப உறவுகள் சட்டத்தில் 10-அ என்று ஒரு பிரிவு புகுந்தது: மற்றபடி செல்லத்தக்க ஒரு திருமணம், அதன் தரப்பினர் ஒரே பாலினமா வேறு பாலினமா என்பதைப் பொருட்படுத்தாமல் செல்லும். அதோடு, கணவன் மனைவிக்கு மாநிலச் சட்டம் தரும் எந்த உரிமையும் கடமையும் பாலினத்தைக் காட்டி மறுக்கப்படாது. அப்படிப்பட்ட உரிமைகளும் கடமைகளும் மட்டும் 1,324 என்று முன்னரே கணக்கிட்டிருந்தார்கள். மருத்துவமனையில் நோயாளிக்காக முடிவெடுப்பதிலிருந்து வாரிசுரிமை வரை.

10-ஆ என்ற அடுத்த பிரிவுதான் பேரத்தின் விளைவு. மத அமைப்புகளையும் அவை நடத்தும் லாப நோக்கற்ற நிறுவனங்களையும், ஒரு திருமணத்தை நடத்தவோ கொண்டாடவோ இடமோ சேவையோ தரும்படி கட்டாயப்படுத்த முடியாது. மறுத்ததற்காக அவற்றின் மீது வழக்கு இல்லை, அரசின் தண்டனையும் இல்லை. இதைவிடக் கெட்டியானது கடைசியில் சேர்த்த பூட்டு. இந்தச் சட்டத்தின் ஏதேனும் ஒரு பகுதியை நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தால் முழுச் சட்டமும் செல்லாமல் போகும். வழக்கமாகச் சட்டங்களில் இதற்கு நேர்மாறான வாசகம்தான் இருக்கும், ஒரு பகுதி விழுந்தாலும் மிச்சம் நிற்கும் என்று. இங்கே வேண்டுமென்றே திருப்பி எழுதினார்கள். மத விலக்கை உடைக்க யாராவது வழக்குப் போட்டால் திருமண உரிமையே கூடவே சரியும். ஆகவே அந்த விலக்கைத் தொட எந்த உரிமை அமைப்புக்கும் மனம் வராது. குளத்தையும் கரையையும் ஒரே கல்லால் கட்டியதுபோல.

இந்த விலக்கு வணிக நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும். அல்பனிக்கு அருகில் திருமணங்களுக்கு இடம் வாடகைக்கு விட்டுவந்த ஒரு பண்ணை 2012இல் இரு பெண்களுக்கு மறுத்தது. அதற்கு மாநில மனித உரிமைப் பிரிவு 10,000 டாலர் அபராதமும், அந்தப் பெண்களுக்குத் தலா 1,500 டாலர் இழப்பீடும் விதித்தது. 2016இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆனால் அந்த வழக்கு எழுந்தது திருமணச் சட்டத்தின் கீழ் அன்று, பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க 2002இல் இயற்றிய சட்டத்தின் கீழ். வேலை, வீடு, கடை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்பதை நியூயார்க் முன்பே தீர்த்துவைத்திருந்தது. 2011இல் பேச வேண்டிய பரப்பு அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஜூன் 24, இரவு

வெள்ளிக்கிழமை. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மணிக்கணக்கில் மூடிய அறையில் இருந்தார்கள். செனட்டில் எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்பது பெரும்பான்மைத் தலைவர் கையில். தம் கட்சியில் பாதிக்குமேல் ஆதரிக்காத மசோதாவை அவர் வெளியே விடுவது வழக்கமில்லை. இதை ஆதரித்தவர்கள் 32இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஆனாலும் ஸ்கெலோஸ் விட்டார். ஒவ்வொருவரும் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்பது அறிவித்த காரணம். 2012 தேர்தலில் நியூயார்க் புறநகர்த் தொகுதிகளில் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நிற்க அவர் கட்சி விரும்பவில்லை என்பது நான் ஊகிக்கும் காரணம். அவர் தாமே எதிர்த்து வாக்களித்தார்.

உறுப்பினர் மேசையில் மசோதா மூன்று நாள் இருந்த பிறகே வாக்கெடுப்பு என்பது மாநில அரசியலமைப்பின் விதி. ஆளுநர் அவசரச் சான்று தந்தால் விதி தளரும். தந்தார். மத விலக்குத் திருத்தம் முதலில் வந்து 36–26 என்று நிறைவேறியது. பேச்சுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். டயஸ் அந்த வரம்பை எதிர்த்துக் குரல் உயர்த்தினார்.

சேலண்ட் எழுந்தார். எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்று பெற்றோர் தம்மை வளர்த்ததைச் சொன்னார். அவருடைய ஆதரவு முப்பத்திரண்டாவது. பிறகு எருமைநகர் என்று தமிழில் விளையாட்டாகச் சொல்லத் தோன்றும் பஃபலோவின் மார்க் கிரிசாண்டி. கத்தோலிக்கர், வழக்கறிஞர், 2010இல் இந்தத் திருமணத்தை எதிர்ப்பேன் என்று சொல்லி வென்றவர். தமக்கும் தம் மனைவிக்கும் இருக்கும் உரிமையை, வரி கட்டி உழைத்து வாழும் இன்னொரு மனிதருக்கு மறுக்கச் சட்டரீதியான காரணம் எதையும் தம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் பேசினார். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று ஒரு வழக்கறிஞர் ஒப்புக்கொள்வதுபோல இருந்தது அது. அந்த இரவின் பேச்சுகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

33–29. இரவு 11.55க்கு கியூமோ கையெழுத்திட்டார். 30 நாள் கழித்து நடைமுறை. இதற்கு முன் ஐந்து மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தன்பாலினத் திருமணம் இருந்தது. நியூயார்க் ஆறாவது, அவற்றில் மிகப் பெரியது.

நல்ல சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று எழுத ஆசைதான். பதிவேடுகள் விடவில்லை. அல்பனி அரசியலில் ‘ஓர் அறைக்குள் மூன்று பேர்’ என்பார்கள். ஆளுநர், பேரவைத் தலைவர், செனட் தலைவர் மூவரும் கூடி முடிவெடுப்பதைச் சொல்லும் பழமொழி. அன்றைய மூவரில் பேரவைத் தலைவர் ஷெல்டன் சில்வரும் ஸ்கெலோஸும் 2015இல் ஊழல் வழக்குகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கியூமோ பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே 2021இல் பதவி விலகினார். மனம் மாறிய க்ரூகரும் ஹன்ட்லியும்கூடப் பின்னர் வெவ்வேறு நிதி முறைகேடுகளில் சிறை சென்றார்கள். சட்டம் மட்டும் கறைபடாமல் வெளியே வந்தது.

ஏன் கவிழவில்லை

சட்டமன்றத்தில் வென்றதெல்லாம் அமெரிக்காவில் நிலைத்ததில்லை. மெய்ன் மாநிலம் 2009 மே மாதம் இதே சட்டத்தை இயற்றியது. நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு அதை நீக்கியது, சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் கொடுத்ததை 2008இல் மக்கள் வாக்கெடுப்பு பறித்தது. வெர்மான்ட் 2009 ஏப்ரலில் ஆளுநரின் மறுப்பையே மீறி நிறைவேற்றியது, கீழவையில் 100–49. மூன்றில் இரண்டு பங்கைத் தொட அந்த நூறாவது வாக்கு இல்லாமல் முடியாது.

நியூயார்க்கில் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்க வழியே இல்லை. மாநில அரசியலமைப்பில் அந்த ஏற்பாடு கிடையாது. எதிர்த்தவர்களுக்கு இருந்த பாதைகள் இரண்டு: இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்று நீக்குவது, அல்லது நீதிமன்றம். ஓர் அமைப்பு நீதிமன்றம் போனது. மேயர் முதலானவர்களோடு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மூடிய கதவுக்குள் பேசியது திறந்த கூட்டச் சட்டத்துக்கு எதிரானது, ஆகவே சட்டம் செல்லாது என்பது அதன் வாதம். 2012 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு நிராகரித்தது, அக்டோபரில் மாநில உச்ச அமர்வு வழக்கை எடுக்க மறுத்தது. அதோடு முடிந்தது.

2011 ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளிலும் நியூயார்க் நகரத்தின் அலுவலகங்கள் திறந்தன. உரிமத்துக்கும் திருமணத்துக்கும் நடுவே 24 மணி நேரம் கழிய வேண்டும் என்ற விதியைத் தளர்த்த நீதிபதிகள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஒரே நாளில் நகரத்தில் 659 உரிமங்கள் வழங்கப்பட்டன. வடக்கே சில சிற்றூர்களில் எழுத்தர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். ஒருவர் வேலையை விட்டார். இன்னொருவர் அந்தப் பொறுப்பை உதவியாளரிடம் தள்ளிவிட்டு, நவம்பர் தேர்தலில் மீண்டும் வென்றார்.

அரைத் திருமணம்

அன்று மணமானவர்கள் மாநிலத்தின் கண்ணில் தம்பதியர், ஒன்றிய அரசின் கண்ணில் அந்நியர். 1996ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஒன்று திருமணத்தை ஆண்–பெண் என்றே வரையறுத்திருந்தது. மாநில வருமான வரியைச் சேர்ந்து கட்டலாம், ஒன்றிய வரியைத் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். சென்னையிலிருந்து வேலை விசாவில் போன ஒருவர் நியூயார்க்கில் தம் துணையை மணந்தாலும் துணைக்கு விசா கேட்க முடியாது. மாநிலச் சட்டத்தின் கை அவ்வளவுதான் எட்டும்.

அதை உடைத்ததும் ஒரு நியூயார்க்வாசியின் வழக்கே. ஈடித் வின்ட்சர் 2007இல் டொரான்டோவில் மணந்தவர். 2009இல் துணைவி இறந்தபோது, கணவனாக இருந்திருந்தால் கட்ட வேண்டியிராத 3,63,053 டாலர் வாரிசு வரியைக் கட்டினார். வெளியூர்த் திருமணத்தை ஏற்ற அந்தப் பேட்டர்சன் கால ஏற்பாட்டின் வழியே நியூயார்க் அவரை மணமானவர் என்று ஏற்றிருந்தது. மாநிலம் கொடுத்த தகுதியை ஒன்றிய அரசு பறிக்கலாமா என்பதே கேள்வியானது. 2013 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்று அவர் பக்கம் நின்றது. நியூயார்க் மக்களும் சட்டமன்றமும் விவாதித்து வந்தடைந்த முடிவு என்பதைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. நாடு முழுவதற்குமான தீர்ப்பு 2015இல் வந்தது.

நம் பக்கம் ஒரு பார்வை

மாநிலச் சட்டமன்றம் ஒரு புதுப் பிரிவைச் செருகித் திருமணத்தின் எல்லையை மாற்றுவது தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்கக் கூடாது. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றியோ தாலி கட்டியோ செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணம் அதன் மூலம் செல்லுபடியானது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றாக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் செல்லாது என்று சொன்னதைச் சட்டமன்றம் சரிசெய்தது. வடிவத்தில் 10-அவுக்கும் 7-அவுக்கும் தூரம் அதிகமில்லை. 7-அவின் வாசகம் கணவன், மனைவி என்றே பேசுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, அது சட்டமன்றங்களின் வேலை என்றது. திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தம் கருத்தில் குறித்தார். ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 7-அவும் அப்படித்தான் வந்தது. ஆக, ஹெர்னாண்டஸ் தீர்ப்பின் மறுநாள் நியூயார்க் நின்ற அதே இடத்தில் நாம் நிற்கிறோம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு. அலேசியும் சேலண்டும் கட்சித் தலைவர் எதிர்த்து வாக்களித்த மசோதாவை ஆதரித்துவிட்டு மறுநாளும் உறுப்பினராகவே அவைக்கு வந்தார்கள். நம் நாட்டில் கொறடாவின் உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கும். இங்கே நான்கு பேரின் மனம் மாறுவது போதாது, ஒரு கட்சித் தலைமையின் மனம் மாற வேண்டும்.

நால்வர்

பதவி உடனே போகவில்லை என்பதால் விலை இல்லை என்றாகாது. நியூயார்க்கில் ஒரே வேட்பாளர் இரண்டு கட்சிகளின் சீட்டிலும் நிற்கலாம். குடியரசுக் கட்சியினர் பலருக்கு, வாக்குச்சீட்டில் கன்சர்வேடிவ் கட்சியின் பெயரில் கிடைக்கும் கூடுதல் வரிசை உயிர்நாடி. ஆதரித்து வாக்களிப்பவருக்கு அந்த வரிசை கிடையாது என்று அதன் தலைவர் மைக்கேல் லாங் முன்பே சொல்லியிருந்தார். திருமண எதிர்ப்பு அமைப்பு ஒன்று அவர்களைத் தோற்கடிக்க 20 லட்சம் டாலர் செலவிடுவதாக அறிவித்தது.

அலேசி 2012இல் போட்டியிடவில்லை. மெக்டொனால்ட், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். சேலண்ட் உட்கட்சித் தேர்தலில் மயிரிழையில் தப்பினார். தோற்றவர் கன்சர்வேடிவ் வரிசையில் பொதுத் தேர்தலிலும் நின்று வாக்குகளைப் பிரிக்க, தொகுதி ஜனநாயகக் கட்சிக்குப் போனது. கிரிசாண்டி 2012இல் வென்றார், 2014இல் உட்கட்சித் தேர்தலில் விழுந்தார்.

2015 ஜனவரியில் செனட் கூடியபோது நால்வரில் ஒருவரும் அங்கே இல்லை. கிரிசாண்டியை அந்த ஆண்டே கியூமோ நீதிபதியாக நியமித்தார்.